முதுகைக் காட்டுங்கள், விலை சொல்கிறேன்!

பழைய சாமான் எடுக்க வருகிறவர் அலமாரியின் முகத்தை ஒரு நொடிதான் பார்ப்பார். பித்தளைக் கைப்பிடி, பூ வேலை, பெல்ஜியம் கண்ணாடி என்று எதையும் புகழ மாட்டார். "இதைச் சுவரை விட்டுக் கொஞ்சம் நகர்த்தலாமா ஆச்சி?" என்பார். நகர்த்தியதும் பின்னால் போய் டார்ச் அடிப்பார். இழுப்பறையை உருவிக் கவிழ்ப்பார். நாற்காலியைத் தலைகீழாக நிறுத்தி, அடிச்சட்டத்தில் விரலை ஓட்டுவார், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பார். வீட்டுக்காரர்களுக்கு இது குற்றம் கண்டுபிடித்து விலையைக் குறைக்கும் தந்திரமாகத் தெரியும். பாதி அப்படித்தான். ஆனால் ஒரு மரச் சாமான் தன் வயதை மறைக்க முடியாத இடம் அதன் முதுகும் அடிவயிறும்தான் என்பது அவருக்குத் தெரியும். விற்பவருக்குத் தெரியாது. விலை அந்த இடத்தில்தான் சரிகிறது.

அவர் வருவதற்கு முன் நாமே ஒருமுறை அலமாரியைத் திருப்பிப் பார்த்துவிட்டால் என்ன?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்தால், எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் கண்முன் அடுக்கியிருக்கும். தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், சாய்வு நாற்காலிகள், ஊஞ்சல் பலகைகள், கல்லாப் பெட்டிகள், தரையில் சம்மணமிட்டு எழுதுவதற்கான சாய்வுக் கணக்கு மேசைகள், பல்லாங்குழிகள், எனாமல் தூக்குகள். பெரும்பாலும் சுற்றுவட்டாரத்துச் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்தவை. நகரத்தார் செட்டியார்கள் பர்மா, இலங்கை, மலாயா என்று கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், ஏறக்குறைய 1870களிலிருந்து 1930கள் வரை, வீடு கட்டவும் வீட்டை நிரப்பவும் பர்மா தேக்கு கப்பலில் வந்து இறங்கியது. பிறகு காற்று திசை மாறியது. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன் வாங்கியவர்களால் திருப்பித் தர முடியாமல், 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. பணமாக இருந்தது நிலமானது, நிலம் பகையானது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்தது, 1960களில் நாட்டுடைமை வந்தது. அதற்குள் ஊரில் இருந்த பெரிய வீடுகள் பல பங்காளிகளுக்குச் சொந்தமான பொதுச் சொத்தாகியிருந்தன. ஆளுக்கொரு ஊரில் இருப்பவர்கள் ஓடு மாற்றச் செலவு செய்ய ஒப்பாதபோது வீடு பிரிக்கப்படுகிறது. சாமான் தெருவுக்கு வருகிறது.

இந்தக் கால வரிசையில் ஒரு நடைமுறைப் பயன் இருக்கிறது. "இருநூறு வருஷத்துச் சாமான்" என்று யாராவது ஒரு செட்டிநாட்டு அலமாரியைக் காட்டினால், கொஞ்சம் தயங்கலாம். பெரும்பாலானவை எண்பத்தைந்திலிருந்து நூற்றைம்பது வயதுக்குள்தான் இருக்கும். அதுவே போதுமான வயது; கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

கட்டை விலையா, சாமான் விலையா?

பழைய மரத்துக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, அறுத்தால் எத்தனை கன அடி தேறும் என்ற கணக்கில் வரும் கட்டை விலை. மற்றொன்று, அது அலமாரியாகவே, மேசையாகவே நீடித்தால் கிடைக்கும் சாமான் விலை. வீட்டைக் காலி செய்யும் அவசரத்தில் முதல் விலைக்கே முழு வீட்டுச் சாமானும் போய்விடுவது வழக்கம். தூணுக்கும் உத்தரத்துக்கும் அது நியாயமாக இருக்கலாம். கணக்கு மேசைக்கு நியாயமில்லை, அதில் மரமே கொஞ்சம்தான்.

என்ன மரம் என்பதில்தான் முதல் தவறு நடக்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் தோதகத்தி அல்ல. நூறு வருஷ அரக்குப் பாலிஷும் விளக்குப் புகையும் சேர்ந்தால் தேக்கும் கறுத்துவிடும். தூக்கிப் பார்த்தால் ஓரளவு தெரியும். தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ, தோதகத்தி சுமார் 24 கிலோ. நிறம் மாறும் விதமும் வேறு. தேக்கு வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும். தோதகத்தியின் ஊதா கலந்த கருமை வெயிலில் வெளுக்கும். ஜன்னலோரம் நின்ற பீரோவின் கதவைத் திறந்து, உட்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணில் படும். மஞ்சளாகப் பட்டுப்போல் மின்னினால் அது பொரசாக இருக்கலாம். இலங்கையில் முதிரை என்பார்கள். அங்கிருந்து வந்த சாமான்களில் இதையும் கருங்காலியையும் அடிக்கடி பார்க்கலாம்.

முகப்பு தோதகத்தி, இழுப்பறையின் உட்பலகை வேறு மரம் என்றால் ஏமாற்று என்று முடிவு கட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் விலை உயர்ந்த மரத்தைப் போடாத சிக்கனம் அந்தக் கால ஆசாரிகளுக்கும் உண்டு. மேலே ஒட்டிய மெல்லிய தகடாக இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். கையால் அறுத்த பழைய தகடு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருக்கும். இன்றைய இயந்திரத் தகடு அதில் பாதிகூட இருக்காது.

உளி சொல்லும் காலம்

இழுப்பறையின் மூலையில் இரண்டு பலகைகள் கோத்திருக்கும் விசிறி வடிவப் பற்களை, டவ்டெயில் என்று பட்டறையில் சொல்வதை, எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பல்லும் கொஞ்சம் வேறுபட்டு, பக்கத்தில் ஊசியால் கீறிய அளவுக்கோடு மங்கலாகத் தெரிந்தால் அது கைவேலை. அச்சில் வார்த்ததுபோல் எல்லாம் ஒரே அளவென்றால் இயந்திரம். சட்டங்களைக் கழுந்தும் துளையுமாகக் கோத்து, குறுக்கே மூங்கில் ஆணி அடித்திருப்பது நல்ல அடையாளம். அந்த ஆணியின் தலை மேற்பரப்பைவிட மயிரிழை துருத்திக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. சுற்றியிருக்கும் மரம் பல ஆண்டுகளில் சுருங்கியிருக்கிறது, ஆணி அதன் நீளவாக்கில் சுருங்கவில்லை.

மரம் குறுக்கே சுருங்கும், நெடுக்கே சுருங்காது. இந்த ஓர் உண்மையை வைத்து வட்ட மேசையின் வயதையே சோதிக்கலாம். டேப்பை ரேகையோடு ஒருமுறை, ரேகைக்குக் குறுக்கே ஒருமுறை வைத்து அளந்தால், பழைய மேசையில் சில மில்லிமீட்டராவது வித்தியாசம் வரும். இரண்டு பக்கமும் கச்சிதமாக நாலடி இருக்கும் "தாத்தா காலத்து" வட்ட மேசை எனக்குச் சந்தேகத்தைத்தான் தரும்.

திருகாணிகளைப் பாருங்கள். பூ மாதிரி குறுக்கு வெட்டுள்ள தலை 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1890ஆம் ஆண்டு அலமாரியில் அது இருந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இடுக்கில் வெள்ளையாகப் பசை பிதுங்கிக் காய்ந்திருந்தால் இன்னும் துல்லியமாகச் சொல்லலாம். ஃபெவிக்கால் விற்பனைக்கு வந்தது 1959இல். அதற்கு முன் ஆசாரிகள் காய்ச்சியது வச்சிரம். தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்த அந்தப் பசையை வெந்நீரும் ஈரத் துணியும் கொண்டு இளக்கி, மூட்டைக் கழற்றிச் சரிசெய்து திரும்ப ஒட்டலாம். வெள்ளைப் பசை பிடித்த மூட்டைக் கழற்றுவதற்குள் கழுந்தே உடைந்துவிடும். பழுது பார்ப்பது நல்லதுதான். திரும்பப் பிரிக்க முடியாதபடி பழுது பார்ப்பது விலையைத் தின்னும்.

ரம்பத் தடமும் பேசும், ஆனால் இதில் நிதானம் வேண்டும். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று இழுத்த ரம்பத்தின் தடம் நேர்க்கோடுகளாக, கொஞ்சம் முறை தவறி இருக்கும். வட்ட ரம்பம் வில் வில்லாகக் கீறும். வில் தடத்தைப் பார்த்ததும் "புதுசு" என்று தள்ளுகிறவர்கள் உண்டு. ரங்கூனிலும் மௌல்மீனிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நீராவி மர ஆலைகள் ஓடின. 1863இல் தொடங்கிய பாம்பே பர்மா வர்த்தகக் கழகம் தேக்கு வியாபாரத்தில் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தது என்றால், அதன் மீது பர்மிய அரசு விதித்த அபராதமே 1885இல் ஆங்கிலேயர் பர்மா மீது தொடுத்த போருக்குச் சாக்காக அமைந்தது. அந்த ஆலையில் அறுத்த பலகை நம் ஊர் ஆசாரி கையில் அலமாரியாகியிருந்தால், வில் தடமும் இருக்கும், வயதும் இருக்கும்.

தூளைத் தொட்டுப் பாருங்கள்

விற்பவர்கள் மிகவும் பயப்படுவது சிறுசிறு வண்டுத் துளைகளைக் கண்டுதான். உளுத்துப்போய்விட்டது என்று ஒருவர் சொல்லிவிட்டால் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் துளை இருப்பது வேறு, வண்டு இருப்பது வேறு. விளிம்பு கறுத்து, அழுக்கடைந்து, தட்டினால் ஒன்றும் உதிராத துளை எப்போதோ முடிந்துபோன கதை. விளிம்பு வெளிறி, கீழே மாவு போன்ற தூள் புதிதாகச் சேர்ந்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறது. கறுப்புத் தாளை அடியில் விரித்துச் சில வாரம் விட்டுப் பாருங்கள், சர்ச்சை தீர்ந்துவிடும்.

தேக்கின் வைரத்தில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பூச்சி அண்டாது. தூளாக்கும் வண்டு தேடுவது வெளிறிலிருக்கும் மாவுச்சத்தை. அதனால் ஓரத்தில் ஒரு விரல் அகலம் வெளிறு உளுத்திருந்தாலும் நடுக்கட்டை எஃகு மாதிரி இருக்கக்கூடும். பேனாக்கத்தியின் முனையை மறைவான இடத்தில் மெல்ல அழுத்தினால் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று தெரியும். மேற்பரப்பில் துளைக்குப் பதிலாக வாய்க்கால் போல நீளமான குழிவுகள் கண்டால் கவனியுங்கள். வண்டு உள்ளே வளைந்து வளைந்துதான் குடையும். அந்தச் சுரங்கம் திறந்து வெளியே தெரிகிறதென்றால், உளுத்த பழைய மரத்தை வாங்கிப் பிற்பாடு இழைத்துப் புதுச் சாமான் செய்திருக்கிறார்கள். போலியாக ட்ரில் போட்ட துளைக்குள் குண்டூசியை விட்டால் நேராக இறங்கும்.

வண்டைவிடப் பெரிய எதிரி தண்ணீர். தரையைக் கழுவிக் கழுவிப் பழகிய வீடுகளில் பீரோவின் கால்கள் அடியில் இற்றுப்போகும். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் அறுத்துச் சமன் செய்து ஓட்டியிருப்பார்கள். நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 17, 18 அங்குலமும் சாப்பாட்டு மேசை 29, 30 அங்குலமும் இருப்பதுதான் வழக்கமான அளவு. நாலு பேரை உட்காரவைத்துச் சோதிக்க வேண்டாம், டேப் போதும்.

பாலிஷ் போட்ட அன்றே பாதி விலை போச்சு

விற்கப் போகிறோம், கொஞ்சம் பளபளவென்று இருக்கட்டுமே என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெலமைன் அடித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் இதைவிடப் பெரிய சேதத்தை நூறு வருஷக் கரையானும் செய்திருக்காது.

பழைய பாலிஷ் என்பது பெரும்பாலும் அரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப் பொட்டலத்தால் பூசிப் பூசி, நாள்கணக்கில் ஏற்றிய மெல்லிய படலம். அதன்மேல் கை எண்ணெய், தூசி, வெளிச்சம் எல்லாம் சேர்ந்து உண்டான நிறத்தை எந்தப் பட்டறையாலும் திரும்பத் தர முடியாது. கைப்பிடியைச் சுற்றிக் கறுத்திருப்பது, நாற்காலியின் முன் குறுக்குச் சட்டம் கால் வைத்து வைத்துத் தேய்ந்திருப்பது, இழுப்பறை ஓடும் சட்டம் குழிந்திருப்பது எல்லாம் வாங்குபவர் தேடிவரும் சான்றுகள். உப்புத்தாள் முதலில் அழிப்பது அவற்றைத்தான். செதுக்கு வேலையின் கூர்மையான ஓரங்கள் உருண்டுபோய், பூ இதழ் பணியாரம் மாதிரி ஆகிவிட்டால் பிறகு யாரும் எதுவும் செய்ய முடியாது.

இருப்பது அரக்கா, புது ரசாயனமா என்று பார்ப்பது எளிது. கண்ணில் படாத இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு மெத்திலேட்டட் ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். ஒட்டினால், கரைந்தால் அரக்கு. பாலியூரித்தேன் அசையாது. தம்ளர் வைத்த வெள்ளை வளையம் பெரும்பாலும் பாலிஷ் படலத்துக்குள் சிக்கிய ஈரம்தான், தெரிந்தவர் கையில் சரியாகிவிடும். கறுப்பு வளையம் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது. நீரும் இரும்பும் மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து பிடித்த கறை. அதைச் சுரண்டாமல் உள்ளதை உள்ளபடி சொல்லி விற்பதே நல்லது.

விற்பனைக்கு முன் செய்யலாம் என்று நான் சொல்வது கொஞ்சம்தான். உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். கழன்று விழுந்த பூ வேலைத் துண்டு, குமிழ், சாவி எதுவானாலும் ஒரு பையில் போட்டு அந்தச் சாமானிலேயே கட்டி வையுங்கள். தொலைந்த கைப்பிடிக்குக் கடையில் புதிது வாங்கி மாட்ட வேண்டாம். பழைய துளைகளை அடைத்துப் புதுத் துளை போட்ட முகப்பைப் பார்த்தால் வாங்குபவருக்கு மற்ற எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிடும்.

பிரம்பு நாற்காலிக்கும் இதே கதை. இருக்கைச் சட்டத்தைச் சுற்றித் தனித்தனித் துளைகள் இருந்தால் கையால் பின்னியது. துளையில்லாமல் ஒரு பள்ளம் மட்டும் ஓடி, அதில் ஆயத்தப் பின்னலைச் செருகியிருந்தால் பின்னால் வந்த வேலை. பின்னல் கிழிந்திருப்பது குறையே அல்ல, சட்டம் ஆடாமல் இருந்தால் போதும். வளைந்த மரத்தால் செய்த மெலிந்த நாற்காலி கிடந்தால் இருக்கை வளையத்தின் உட்புறத்தில் முத்திரையோ தாள் சீட்டோ இருக்கிறதா என்று தேடுங்கள். வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி ஆறு மரத் துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகளால் ஆனது; பிரித்து அடுக்கி உலகமெங்கும் கப்பலேற்றினார்கள். அது பீச் மரம், நம் பருவநிலையில் பூச்சிக்கு எளிய இரை. எனவே சீட்டைப் பார்த்த சந்தோஷத்தில் கால்களைச் சோதிக்க மறக்கக் கூடாது.

ஊஞ்சலில் ஒன்றுதான் முக்கியம். பலகை ஒற்றைப் பலகையா, இரண்டை இணைத்ததா? இரண்டடி அகலத்தில் வைரமாக ஒரே தேக்குப் பலகை இனி எளிதில் கிடைக்காது. வளையம் மாட்டிய துளைகளைச் சுற்றி வெடிப்பு ஓடியிருந்தால் அது ஊஞ்சலாகப் பயன்படாது, மேசைப் பலகையாகத்தான் விலை போகும்.

நூறு வயதுக் கோடு

தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972இல் இயற்றப்பட்டு 1976இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டுக்குக் குறையாத, கலை அல்லது கைவினைச் சிறப்புள்ள பொருள் தொல்பொருளாகிறது. உள்நாட்டில் சொந்தக்காரர் விற்கலாம். தொழிலாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. செட்டிநாட்டுச் சாமான்களின் உச்ச காலம் 1920கள் என்பதால், வீட்டில் நிற்கும் அலமாரிகள் இந்தப் பத்தாண்டில் ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. "நூற்றைம்பது வருஷம்" என்று பெருமைக்குச் சொல்லி விற்கும் அதே சாமானைக் கப்பலேற்றும்போது "நூறுகூட ஆகவில்லை" என்று சான்று கேட்பது இந்த வியாபாரத்தின் நிரந்தர வேடிக்கை.

தோதகத்திக்கு இன்னொரு தடை. 2017 ஜனவரி முதல் அதன் பேரினம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களுக்கான பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், பெரிய சாமான்களை ஏற்றுமதி செய்ய ஆவணம் தேவை. பெட்டியில் வெள்ளைப் பதிப்பு வேலை இருந்தால் முதலில் பூதக்கண்ணாடியை எடுங்கள். சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் இருந்தால் எலும்பு. ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் ஓடினால் தந்தம். விசாகப்பட்டினத்து ஆசாரிகள் கம்பெனிக் காலத்தில் செய்த அழகான தந்தப் பதிப்புப் பெட்டிகளாகவே இருந்தாலும், இந்தியாவில் தந்த வியாபாரத்துக்கு இடமில்லை. தேர்ச் சிற்பம், வாகனத்தின் பகுதி என்று யாராவது மரச் சிற்பம் கொண்டுவந்தால் எங்கிருந்து வந்தது என்பதற்குத் தாள் இல்லாமல் தொடாதீர்கள். தமிழகக் காவல்துறையில் 1983 முதல் சிலைத் திருட்டைத் தடுக்கத் தனிப் பிரிவே இருக்கிறது.

விலை பேசும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மரம், அளவு, பழுது, மாற்றிய பாகங்கள், எந்த வீட்டில் எந்தத் தலைமுறையில் வந்தது. முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், பழுதடைந்த இடம் எல்லாவற்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். குறையை மறைக்காத தாள் இருந்தால் தொலைவிலிருந்து வாங்குபவரும் துணிந்து விலை சொல்வார். ஏசி அறைக்குப் போகும் சாமானில் மூட்டு தளரும், பலகை வெடிக்கும் என்பதையும் அதில் சேர்த்துவிட்டால் பின்னால் வம்பு வராது. பொதுச் சொத்தானால் எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

கடைசியாக, இழுப்பறைகளைக் காலி செய்யுங்கள். கணக்கு மேசையின் அடித்தட்டில் ரங்கூன் கடைப் பேரேடு, உண்டியல், கடிதக் கட்டு, கல்யாணப் பத்திரிகை கிடக்கும். மேசையை விலை பேசிவிட்டு இவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். வரலாற்று மதிப்புள்ள ஆவணம் என்றால் அதே 1972 சட்டத்தில் எழுபத்தைந்து ஆண்டு போதும், அது தொல்பொருள்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா இப்படிப்பட்ட தாள்களையும் புத்தகங்களையும் தேடித் தேடிச் சேர்த்ததிலிருந்துதான் 1994இல் சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகம் உருவானது. மேசை வாங்க வருகிறவரிடம் மேசையை மட்டும் கொடுங்கள். பேரேட்டுக்கு வேறு ஆள் இருக்கிறார்கள்.